தேய்க்காதே என்று யாரிடம் சொன்னோம்?

“…கூடைய தூக்கக் கூடாதுன்னா அப்புறம் இன்னாத்துக்கு சாமி ஊசி போட்டீங்க? கூடைய தூக்கறதுக்குத்தான நானு ஊசியே போட்டுகினேன்?”

கேட்டவர் லூர்தம்மா, கோவளத்து மீன்காரம்மா. கேள்வி எங்கள் டாக்டருக்கு. பக்கத்தில் மெஷினோடு மெஷினாக நின்றிருந்தவன் நான். அந்தக் கேள்விவரை எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொன்னால்தான், அதற்கப்புறம் அந்தம்மா செய்தது உங்களுக்குப் புரியும்.

வலி கிளினிக்குகளில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, ஊசியை எங்கே குத்துவது, மருந்து எவ்வளவு என்பதெல்லாம் டாக்டர்கள் பாடு. அதைப் பற்றி நான் பேசினால் சிரிப்பார்கள். நான் படித்தது அதிகம் இல்லை. எண்பதுகளில் தாம்பரம் பக்கம் வோல்டேஜ் எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஜிஎஸ்டி ரோட்டில் இரும்புலியூரில் இருந்த அந்தக் கிளினிக்குக்கு ஸ்டெபிலைசர் ரிப்பேர் பார்க்கப் போனேன். “இருங்க, இந்த மெஷினையும் ஒரு பார்வை பாத்துடுங்க” என்றார் டாக்டர். பார்த்தேன். தலை நரைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அது தசையின் சத்தம் கேட்கிற மெஷின். மெல்லிய ஊசியைத் தசைக்குள் விட்டால் உள்ளே நடப்பது ஸ்பீக்கரில் கேட்கும். தளர்ந்த தசை பேசாமல் இருக்கும். இறுகிய தசை விடாமல் பொரியும். “என்ன சார், என் கழுத்துக்குள்ள யாரோ அப்பளம் பொரிக்கறாங்க” என்றார் ஒரு டீச்சர். அப்படி ஒவ்வொருவரும் சொன்னதுதான் எனக்குப் பாடம். மெஷினைப் பற்றிய புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைவிட டீச்சர் சொன்னது தெளிவாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த மருந்து எங்களிடம் வந்தது. பொட்டுலினம் நச்சு. கெட்டுப்போன உணவில் சில கிருமிகள் உண்டாக்குகிற விஷம். அதையே துளியிலும் துளியாக எடுத்து இறுகிய தசையில் போட்டால், தசை சில மாதம் தளர்ந்து கிடக்கும். அந்தத் தசை ஒரு நரம்பைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தால், நரம்புக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். இந்த மாதிரி வலிக்கு அதைப் போடுவது அப்போது புதுசு. சில இடங்களில் செய்து பார்க்கிறார்கள் என்று டாக்டர் படித்திருந்தார். நோயாளியிடமும் அதை அப்படியே சொல்லிவிடுவார், மறைக்க மாட்டார்.

அந்த மருந்தால் நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! ஐஸ் ஃபிளாஸ்க்கில் வைத்து, எலக்ட்ரிக் ட்ரெயினில் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வரவேண்டும். கரைத்துவிட்டால் அன்றைக்கே போட்டாக வேண்டும், இல்லையென்றால் வீண். அதனால் தேவைப்படுகிறவர்களை ஒரே நாளில் வரச் சொல்வோம். வருவார்களா? ஒருவர் ராகுகாலம் கழியட்டும் என்பார். இன்னொருவர் மச்சினிக்கு வளைகாப்பு என்பார். எல்லாரும் வந்து உட்கார்ந்தால் கரண்ட் போய்விடும். நான் வாசலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடந்தே தேய்ந்துபோனேன்.

நேரம் தவறாத ஆள் லூர்தம்மாதான், ஆனால் அவர் வந்தது மீன் விற்க. விடியலில் கோவளத்தில் மீனை ஏலம் எடுத்து, பஸ்ஸில் கூடையை ஏற்றிக்கொண்டு, கேளம்பாக்கம்வரை கண்டக்டரோடு சண்டை போட்டு, வண்டலூர் வழியாக வந்து எங்கள் கிளினிக் எதிரே இருக்கிற ஸ்டாப்பில் இறங்குவார். அங்கே கூடை தலைக்கு ஏறும். இரும்புலியூர் தெருக்களில் அவர் கூவுவது எங்கள் உள்ளறைவரை கேட்கும். முட்டைகூடத் தொடாத எங்கள் டாக்டர் அந்தக் குரல் கேட்டால் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். குரலோடு வாசமும் வருகிறதாம்.

அப்படி எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவர் ஒருநாள் உள்ளே வந்தார். வலது கையில் துணி சுற்றியிருந்தது.

“அருவாமனையில மீனு வெட்டிகினு இருந்தேன் தம்பி. ரத்தம் வருதுன்னு வாங்க வந்த அம்மா கத்துது. மீனு ரத்தம்னு நெனச்சிகினு நான் வெட்டிகினே கீறேன். அப்புறம் பாத்தா என் வெரலு.”

சுண்டு விரலும் பக்கத்து விரலும் உணர்ச்சியே இல்லை. கூடையைப் பிடிக்கக் கையை உயர்த்தினால் தோளிலிருந்து விரல்வரை இழுக்கிற வலி. பாரம் சுமந்து சுமந்து கழுத்தின் பக்கத்துத் தசைகள் இறுகி, அவற்றுக்கு இடையே கைக்கு இறங்குகிற நரம்புகளை நெரித்துக்கொண்டிருந்தன. மாத்திரை, ஒத்தடம், பயிற்சி எல்லாம் ஆகிவிட்டது. நகரத்தில் ஒரு பெரிய சர்ஜன் மேல் விலா எலும்பை எடுத்துவிடலாம் என்றாராம். “எலும்ப எடுத்துட்டா கூடை எதுமேல சாமி நிக்கும்?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார் லூர்தம்மா.

டாக்டர் புது மருந்தைப் பற்றிச் சொன்னார். விஷம் என்றும் சொன்னார். சில நாள் விழுங்குவது கஷ்டமாகலாம், குரல் கம்மலாம் என்பதையும் சொன்னார். லூர்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கெட்டுப்போன மீன நான் ஒருத்தருக்கும் வித்ததில்ல. நீ கெட்டுப்போனதுல வர்ற விசத்த என் கழுத்துல போடுறன்ற.”

“ஆமாம்மா.”

“கை வருமா?”

“வரலாம். நிச்சயம்னு சொல்ல மாட்டேன்.”

“நிச்சயம்னு சொல்லிருந்தா ஓடிப்போயிருப்பேன்” என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

ஊசி போட்டபோது ஸ்பீக்கரில் அவர் கழுத்து இரைந்த இரைச்சலில் எனக்கே காது அடைத்தது. “இன்னா தம்பி இது, நம்ம கண்டக்டர் உள்ள பூந்துகினு கத்தறான்” என்றார். முடிந்ததும் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: தொட வேண்டாம், அழுத்த வேண்டாம், தேய்க்க வேண்டாம், எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், பாரமும் தூக்க வேண்டாம். “மாதா மேல சத்தியமா நான் கையே வைக்க மாட்டேன்” என்றார் லூர்தம்மா.

அந்தச் சத்தியத்தை அவர் மீறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த மருந்து போட்ட உடனே வேலை செய்யாது. நாள் பிடிக்கும். இதை எத்தனை தடவை சொன்னாலும் சாயங்காலமே திரும்பி வந்து “சார், ஒண்ணும் தெரியலையே” என்று நிற்பார்கள். லூர்தம்மாவும் விதிவிலக்கில்லை. கூடையை நாத்தனார் ஸ்டெல்லா தலையில் ஏற்றிவிட்டுக் கூடவே நடந்து வருவார். எங்கள் கேட்டைத் தாண்டும்போது, “தம்பி! ஊசி தூங்கிகினு கீது! எழுப்பி வுடு!” என்று ரோடே கேட்கக் கத்துவார். காத்திருக்கும் நோயாளிகள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், நான்தான் அதைத் தாலாட்டித் தூங்க வைத்த மாதிரி.

ஒரு வாரம் போயிருக்கும். முற்பகல், ஹால் நிறையக் கூட்டம். உள்ளே எங்கள் டாக்டர் வேறொரு நோயாளியின் முதுகில் ஊசி வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஸ்டெல்லா பதறி இறங்கி வந்தார். ஒரு கையில் லூர்தம்மாவின் தோள், இன்னொரு கையில் வாழைப்பழம்.

“அண்ணே! முள்ளு! எங்க அண்ணிக்குத் தொண்டையில முள்ளு மாட்டிக்கிச்சு! காலையிலேர்ந்து சோத்த உருட்டி உருட்டிக் குடுக்குறேன், எறங்கவே மாட்டேங்குது!”

தினம் மீனோடு வாழ்கிறவர்கள். சாப்பிடும்போது ஒருவர் திணறினால் அவர்களுக்கு வேறென்ன தோன்றும்? முள் சிக்கினால் வெறும் சோற்று உருண்டை, அதிலும் போகவில்லையென்றால் மெல்லாமல் வாழைப்பழம். வீட்டில் நடந்ததும் அதுதான். அதுவும் பலிக்காமல்தான் தெரிந்த டாக்டர் என்று எங்களிடம் வந்திருந்தார்கள்.

ஹாலில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர் எழுந்து நின்று, “பழத்தப் பாதியா உடைக்காத, முழுசா உள்ள தள்ளு” என்று கொடி காட்டினார். சுடு தண்ணீர் என்றார் இன்னொருவர். முதுகில் குத்தச் சொன்னார் ஒருத்தர். வாய் திறந்த அத்தனை பேரும் வைத்தியர்கள்!

நான் லூர்தம்மாவைப் பார்த்தேன். முள் சிக்கியவர்கள் தொண்டையில் ஒரு இடத்தை விரலால் காட்டுவார்கள். இவர் எந்த இடத்தையும் காட்டவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. எச்சிலை விழுங்கப் பார்த்து இருமினார். இருமி இருமி முகம் கறுத்தது. போன வாரம் நாங்கள் ஊசி போட்டது அந்தக் கழுத்தில்.

ஸ்டெல்லா பழத்தை உரித்துவிட்டார். நான் கையைப் பிடித்தேன்.

“வுடுண்ணே!”

“குடுக்காதம்மா. உள்ள போறது மூச்சுக்கொழாய்ல போயிடும்.”

“கோவளத்துக்காரிக்கு முள்ளு தெரியாதா? நீ போயி உன் மிசினப் பாரு!”

“முள்ளு இல்லம்மா இது.”

“நீ டாக்டரா?”

இல்லை. அதுதான் பேஜார். அந்த நேரத்தில் என்னிடம் படிப்பும் கிடையாது, பட்டமும் கிடையாது, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் கிடையாது. ஹால் மொத்தமும் பழத்தின் கட்சி. நான் பழத்தைப் பிடுங்கி கார்டு கையில் கொடுத்தேன். “சார், நீங்க சாப்பிடுங்க. முழுசா.” அவர் வாய் அடைத்தது. லூர்தம்மாவை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, இருமினால் முன்னால் சாய்கிற மாதிரி பிடித்துக்கொண்டேன். பெஞ்சில் இருந்த பெண்ணை அனுப்பி உள்ளறைக் கதவைத் தட்டச் சொன்னேன்.

உள்ளேயிருந்து டாக்டரின் குரல் மட்டும் வந்தது. “வாய்ல எதுவும் போகக் கூடாது, தண்ணிகூட. உக்காந்தபடியே இருக்கட்டும். மூச்சு எப்படி இருக்குன்னு பாத்துட்டே இரு. வர்றேன்.”

வர்றேன் என்றவர் உடனே வரவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. இங்கே ஒரு உயிர் திணறுகிறது, இவர் வேலையை முடித்துவிட்டு வருவாராம்! பின்னால்தான் யோசித்தேன். உள்ளே ஒருவர் முதுகெலும்புப் பக்கத்தில் ஊசி நிற்கிறது. அதை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தால் ஒரு ஆபத்து இரண்டாகியிருக்கும். மூச்சு போகிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். போய்க்கொண்டுதான் இருந்தது. பதறுகிறபோது எது ஓட வேண்டிய அவசரம், எது ஒரு நிமிஷம் தாங்கும் என்று பிரித்துப் பார்க்கிற புத்தி அது. அதை யாரும் கிளாஸ் எடுத்துக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள், நானும் இப்போது கற்றுக்கொடுக்கவில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லிவைக்கிறேன்.

வந்தார். நாடி பார்த்தார், மூச்சு பார்த்தார், தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு கேட்டதுதான் விசித்திரம். “அம்மா, ரோட்ல எப்படிக் கூவுவீங்களோ அப்படிக் கூவுங்க.”

லூர்தம்மா வாயைத் திறந்தார். கிழிந்த பலூனில் வருகிற மாதிரி ஏதோ வந்தது. இன்னொரு முறை முயன்றார். அதுவும் வரவில்லை. தன் தொண்டையைத் தானே பிடித்துக்கொண்டு ஸ்டெல்லாவைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. கைக்கு மருந்து தேடி வந்தவர். கை வருவதற்குள் குரல் போய்விட்டது. குரல் இல்லாமல் தெருவில் மீன் விற்க முடியுமா? பழத்தோடு நின்ற கார்டு மெதுவாக உட்கார்ந்தார். தினமும் அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய அக்கம்பக்கத்துக்காரர்கள்தான் ஹாலில் பாதிப் பேர்.

“ஊசி போட்ட எடத்துல யாராவது தேய்ச்சீங்களா?” என்றார் டாக்டர்.

லூர்தம்மா இல்லை என்று வேகமாகத் தலையசைத்தார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். நான் தொடவில்லை என்று அர்த்தம்.

ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னார்: “நாந்தான் நீவுனேன்.”

“எப்ப?”

“அன்னிக்கே. டெய்லியுந்தான். கூடை எறக்குனா சாயங்காலம் நாங்க எல்லாரும் ஒருத்தி பின்னால ஒருத்தி உக்காந்துகினு கழுத்து நீவிப்போம். அண்ணிக்கு ஊசி வேற போட்டுருக்கேன்னு மாதா கோயில் எண்ணெ வச்சு நல்லா அழுத்தி…” சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். “நீங்க அண்ணியத்தான தேய்க்காதன்னு சொன்னீங்க? அண்ணி தேய்க்கலியே!”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா? தன் பிடரியைத் தானே நீவிக்கொள்கிற ஆள் உலகத்தில் எத்தனை பேர்? தலைச்சுமைக்காரப் பெண்களின் கழுத்து எப்போதும் இன்னொருத்தி கையில்தான் இருக்கிறது. நாங்கள் சொன்னதெல்லாம் கழுத்தின் சொந்தக்காரரிடம். அது போய்ச் சேரவேண்டிய கைகள் கோவளத்தில் இருந்தன.

டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், “நீ நீவினதாலதான்” என்று. பழி எங்கள் வாசலை விட்டு இறங்கிப் போயிருக்கும். புது மருந்து, ஹால் நிறைய சாட்சிகள், தாம்பரம் முழுக்கப் பரவப்போகிற பேச்சு. சொல்வதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் ஸ்டெல்லாவைப் பார்த்துச் சொன்னார்: “நீவினதால மருந்து பக்கத்துல பரவியிருக்கலாம். நீவாமலே பரவறதும் உண்டு. எதுன்னு எனக்குத் தெரியாது. மருந்து போட்டது நான். நான் பாத்துக்கறேன்.”

அதோடு நிற்கவில்லை. கிளினிக்கிலேயே படுக்கவைத்து, வெளியே தெரியாமல் சமாளிக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். “ராத்திரி மூச்சுத் தசை தளர்ந்தா இங்க என்ன வச்சிருக்கோம்?” என்று கேட்டார் டாக்டர். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்து, என்ன மருந்து போட்டோம், என்ன ஆயிற்று என்று ஒளிக்காமல் சொன்னார். வேனில் என்னையும் ஏற்றினார்.

வழியெல்லாம் ஸ்டெல்லா அழுகை. “நாந்தான் கொன்னுட்டேன் அண்ணே, என் கையாலேயே கொன்னுட்டேன்.” பல்லாவரம் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்த லூர்தம்மா, குரல் வராத ஆத்திரத்தில் ஸ்டெல்லாவின் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார்.

“ஐயோ வலிக்குது அண்ணி!”

தூக்கினாலே வலித்த அந்த வலது கையால் குட்டியிருந்தார். இரண்டு பேரும் ஒரு கணம் அந்தக் கையையே பார்த்தார்கள். பிறகு ஸ்டெல்லா மறுபடி அழ ஆரம்பித்தார், வேறு மாதிரி.

ஆஸ்பத்திரியில் மூச்சைக் கண்காணித்தார்கள். மூச்சுக்கு ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து உட்காரவைத்து, முகவாயைத் தாழ்த்தி, கெட்டியான கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கப் பழக்கினார்கள். பரவிய மருந்து மெல்ல வலுவிழந்தது. வாரங்கள் ஆயின. எங்கள் தெரு அத்தனை நாளும் ஊமையாகக் கிடந்தது. டாக்டர் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார்.

அதற்கப்புறம் எங்களிடம் ஒரு வழக்கம் வந்தது. ஊசிக்கு முன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி: “உங்க கழுத்த யாரு தொடுவாங்க?” மனைவியோ, மாமியாரோ, கட்டு போடுகிறவரோ, முடிவெட்டிவிட்டுக் கழுத்தைச் சொடுக்குகிற சலூன்காரரோ, அவரை உள்ளே கூப்பிட்டு நேராகச் சொல்வோம். நீங்களெல்லாம் இப்போது வழவழ தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிறீர்கள். அந்தத் தாளில் பஜ்ஜி மடித்துச் சாப்பிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். தாள் யார் கையிலும் இருக்கலாம் பிள்ளைகளே, எண்ணெய் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்!

இனி அந்தக் கேள்வி வந்த நாளுக்கு வருகிறேன். லூர்தம்மா பரிசோதனைக்கு வந்தார். ஸ்டெல்லாவும் அவரும் ஆளுக்கொரு பக்கம் கூடையைப் பிடித்துக்கொண்டு ஸ்டாப்பிலிருந்து ரோட்டைத் தாண்டி வந்து, எங்கள் படியில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். குரல் கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் முழுசாக இருந்தது. டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் விரலைத் தொட்டார். “சுண்டு வெரலு. இப்ப பக்கத்து வெரலு” என்று சரியாகச் சொன்னார் லூர்தம்மா.

டாக்டர் சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். மருந்தின் வேலை சில மாதம்தான், அதற்குள் பயிற்சியால் கழுத்தைச் சரிசெய்ய வேண்டும், இனிமேல் தலையில் கூடை ஏற்றினால் நரம்பு மறுபடி நெரிபடும், விரல் மறுபடி மரத்துப்போகும் என்றார். அப்போதுதான் அந்தம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். கூடையைத் தூக்கக் கூடாதென்றால் எதற்கு ஊசி?

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன். நரம்பைப் பற்றி எல்லாம் யோசித்திருந்தோம். அந்தக் கழுத்தின் மேல் உட்கார்ந்திருந்த கூடை எங்கே போகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

லூர்தம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, வுடு” என்று எழுந்தார். ஹாலைக் கடந்து வாசலுக்குப் போனார். எங்கள் படியிலிருந்த கூடையை ஸ்டெல்லாவை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, கேட்டுக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் இறக்கினார். சாக்கை விரித்து, அருவாமனையைக் காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். வலது கையால் ஒரு சங்கராவை எடுத்து, நழுவவிடாமல் செதிள் சீவினார். பிறகு திறந்திருந்த டாக்டர் ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிர் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பும்படி கூவினார்.

“வஞ்சரம்! சங்கரா! நெத்திலீ!”